கடல்சிங்கத்தை வென்ற மஞ்சள் நத்தை: வாசகர் கேள்வி – பதில்

கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகம் ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்களின் காட்டுக்குள் இருக்கிறது. அதன் விளையாட்டு அணிகளின் சின்னம் புலியோ கழுகோ இல்லை, 'பனானா ஸ்லக்' என்ற ஓடில்லாத மஞ்சள் நத்தை. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள், பார்க்கப் போகிறவர்கள், சும்மா வியப்பவர்கள் எனப் பலரும் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சின்னமாக வைக்க வேறு ஜீவனே கிடைக்கவில்லையா?
– வாசகர், மதுரை

கிடைத்தது. வைத்தும் பார்த்தார்கள், மாணவர்கள்தான் ஏற்கவில்லை.

1965-ல் இந்த வளாகம் தொடங்கியபோது போட்டி விளையாட்டில் பெரிய ஆர்வம் காட்டப்படவில்லை. மாணவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட அணிகளுக்கு, நடைபாதையில் தினமும் குறுக்கே ஊர்ந்த பனானா ஸ்லக்கின் பெயரை வைத்துக்கொண்டார்கள். வெற்றிதான் எல்லாம் என்று முறுக்கிக்கொண்டு திரியும் மற்ற கல்லூரிகளைக் கிண்டலடிப்பதும் அதில் பாதி நோக்கம்.

1980-ல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் ஐந்து விளையாட்டுகளில் சேர்ந்தபோது, அதிகாரபூர்வமாக ஒரு பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது வளாகத் தலைவராக இருந்தவர் ராபர்ட் சின்ஷைமர். விளையாட்டு வீரர்கள் சிலரிடம் கேட்டு, பெரும்பான்மை சொன்னபடி 'கடல்சிங்கம்' என்று அறிவித்தார். பக்கத்து மான்டெரே விரிகுடாவில் கடல்சிங்கங்கள் ஏராளம் என்பதால் பொருத்தமான பெயர்தான். கூடைப்பந்துத் தளத்தின் நடுவில் அதன் படத்தையும் வரைந்தார்கள். மாணவர்களோ அதன் பிறகும் ஸ்லக்குக்கே குரல் கொடுத்தார்கள்.

1986-ல் மாணவர் வாக்கெடுப்பு நடந்தது. கடல்சிங்கத்துக்கு ஒரு ஓட்டு என்றால் ஸ்லக்குக்கு 15 ஓட்டு. அப்போதும் தலைவர் இறங்கி வரவில்லை. சின்னத்தை முடிவுசெய்ய வேண்டியவர்கள் வீரர்கள்தான் என்றார். சரி என்று வீரர்களிடமே கேட்டார்கள். அவர்களும் ஸ்லக்தான் வேண்டும் என்றதும் ஒப்புக்கொண்டார். சின்ஷைமர் ஒன்றும் சாதாரண நிர்வாகி அல்ல, பெயர்பெற்ற மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. ஒரு நத்தையை மறுக்க அவரைப்போல ஓர் உயிரியலாளரே முன்வந்ததுதான் இதில் வேடிக்கை.

2024-ல் மாநிலமும் சேர்ந்துகொண்டது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட, பனானா ஸ்லக் கலிஃபோர்னியாவின் அதிகாரபூர்வ மாநில ஸ்லக் ஆனது.

எங்கள் எஸ்டேட் பக்கம் மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைதானே இது?
– வாசகி, வால்பாறை

இல்லவே இல்லை. அட்டை மண்புழுவின் உறவு, ரத்தம் குடிக்கும். ஸ்லக், நத்தை, கணவாய் மூன்றும் மெல்லுடலிகள் என்ற ஒரே குலம். பனானா ஸ்லக் ஓட்டைத் தொலைத்துவிட்ட நத்தை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலை, காளான், விலங்குகளின் எச்சம், செத்துப்போன உயிர் என்று காட்டுத் தரையில் கிடப்பதையெல்லாம் தின்று மண்ணாக்கித் தருவதே அதன் வேலை. காளானின் வித்துகளையும் செடிகளின் விதைகளையும் போகிற வழியெல்லாம் பரப்பவும் செய்கிறது. உங்கள் காலில் ஏற அதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

ஊர்ந்து போகும் பூச்சியைச் சின்னமாக வைத்துக்கொண்டு விளையாட்டில் ஜெயிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

ஸ்லக்கின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 16 செ.மீ. ஆனால் அதே பெயரில் ஆடிய ஆண்கள் டென்னிஸ் அணி 1989 முதல் 2009 வரை மூன்றாம் பிரிவு தேசியப் பட்டத்தை 7 முறை வென்றது. போதுமா?

'எங்களை வேட்டையாட யாரும் இல்லை' என்று பொருள்படும் வாசகம் பொறித்த ஸ்லக் பனியன்கள் அங்கே பிரபலம். விலங்கியல்படி அது சுத்தப் பொய். பாம்பு, சாலமாண்டர், காகம், வாத்து எல்லாம் ஸ்லக்கைத் தின்னும். ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்கு இன்னும் விவரமானது. ஸ்லக்கை மண்ணில் போட்டு உருட்டி, வழவழப்பை மண்ணில் ஒட்டவைத்துவிட்டுத் தின்னும்.

மகனைப் பார்க்க சான்டா க்ரூஸ் போகிறோம். ஒரு ஸ்லக்கையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். எப்போது, எங்கே தேடுவது?
– ஒரு தம்பதி, கோவை

நம் ஊர்ப் பெற்றோர் பலர் அங்கத்திய கோடையில் போகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் காணாமல் திரும்புகிறார்கள். கலிஃபோர்னியாக் கடற்கரையில் மழை பெய்வது குளிர்காலத்தில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் கிட்டத்தட்ட உறுதியாகப் பார்த்துவிடலாம். கோடையில் ஸ்லக் உதிர்ந்த இலைகளுக்கு அடியில் புதைந்து, தன் மேல் கொழகொழப்பைப் பூசிக்கொண்டு, ஈரம் திரும்பும் வரை அசையாமல் கிடக்கும். கோடையில்தான் போக முடியும் என்றால் கடல்மூடுபனி கவிந்த காலையாகப் பாருங்கள். ரெட்வுட் இலைகளில் பனி படிந்து சொட்டுவதால் மரத்தடி மட்டும் நனைந்திருக்கும். வாய்ப்பு இருந்தால் அங்கேதான்.

மழை விட்ட மறுநாள் காலை, வெயில் தரையைத் தொடும் முன் போவது நல்லது. வளாகம் சுமார் 2,000 ஏக்கர். தெற்கு வாசலுக்கும் வடக்கு எல்லைக்கும் ஏறத்தாழ 900 அடி உயர வித்தியாசம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் வளாகப் பேருந்தில் மேலே போய் இறங்கிக்கொண்டு, சரிவில் கீழ்நோக்கி நடக்கலாம். பள்ளத்தாக்குகளைக் கடக்கும் நடைபாலங்களின் இரு முனைகள், பாசி பிடித்து விழுந்துகிடக்கும் மரங்களின் அடிப்பக்கம், காளான் கூட்டம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். காளானில் சுரண்டி எடுத்தாற்போல் பள்ளம் தெரிந்தால் ஸ்லக் பக்கத்தில்தான் இருக்கும். அதன் நாக்கு ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்ட அரம், கடிக்காது, ராவும்.

வளாகத்தில் ஏற்றம் அதிகம் என்று தோன்றினால் ஃபெல்ட்டன் ஊரில் உள்ள ஹென்றி கவல் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போகலாம். அங்கே ரெட்வுட் தோப்பைச் சுற்றிவரும் சமதளப் பாதை ஒன்றே கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். சக்கர நாற்காலியும் போகும்.

பெரியவை 25 செ.மீ. வரை வளரும் இனம் இது. நீங்கள் அதிகம் காண்பது ஒரு சாண் அளவுக்குள்தான் இருக்கும். சான்டா க்ரூஸ் பக்கத்து ஸ்லக் பெரும்பாலும் புள்ளியே இல்லாத பளிச் மஞ்சள். வடக்கே வாஷிங்டன் மாநிலம், அலாஸ்கா வரை பரவியிருக்கும் உறவினத்தில் கறுப்புத் திட்டுகள் சகஜம். ஒன்றைப் பார்த்த பிறகு காலடியைக் கவனித்து வையுங்கள். மஞ்சளாக உதிர்ந்துகிடக்கும் இலைகளுக்கு நடுவே இன்னொன்று இருக்கும்.

படம் எடுக்கும்போது சுற்றிலும் கரும்பழுப்பாக இருப்பதால் கைப்பேசி காட்சியை வெளிச்சமாக்கிவிடும். மஞ்சள் வெளிறி, ஸ்லக் மெழுகு பொம்மை மாதிரி தெரியும். திரையில் ஸ்லக்கின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். ஃபிளாஷ் போட்டால் ஈர உடம்பு பளபளத்து உருவம் கெடும். தரையோடு தரையாக, பக்கவாட்டில் இருந்து எடுத்தால் கொம்புகள் நான்கும் தெரியும்.

ஸ்லக்கைவிட நீங்கள் பயப்பட வேண்டியது பாய்சன் ஓக் என்ற செடிக்கு. ஒரு காம்பில் மூன்று மூன்றாக இலை. உரசினால் அதன் எண்ணெய் பட்டுத் தோல் தடித்துக் கொப்புளம் வரும். மாமரம், முந்திரி, நம் சேராங்கொட்டை எல்லாம் இதன் குடும்பமே. மாங்காய்ப் பால் பட்டாலே உதடு புண்ணாகிறவர்கள் முழுக்கால் உடை போட்டுக்கொண்டு பாதையின் நடுவிலேயே நடங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றாலும் அந்த எண்ணெய் அதில் இருக்கும். இதே இலையை ஸ்லக் நிதானமாகத் தின்னும்!

புது மாணவர்கள் ஸ்லக்கை நக்குவார்களாம், முத்தம் கொடுப்பார்களாம். உண்மையா? அதன் கொழகொழப்பு கையில் பட்டுவிட்டால் என்ன செய்வது? என் மகள் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ அதிகமாகிறதாம்!
– ஒரு தாய், திருச்சி

அப்படி ஒரு விளையாட்டு உண்டு. நாக்கும் உதடும் சற்று நேரம் மரத்துப்போகும். கடிக்க வரும் விலங்கின் வாயை மரக்கவைக்கும் பொருள் அந்தக் கொழகொழப்பில் இருக்கிறது. வேண்டாத வேலை என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஸ்லக் மேய்வது எச்சத்தின் மேலும் அழுகலின் மேலும். நத்தை, ஸ்லக் வகைகள் மனிதருக்கு நோய் தரும் புழுக்களைச் சுமக்கக்கூடியவை. அதற்கும் இது நல்லதல்ல. நம் கையில் உள்ள சானிடைசர், சன்ஸ்கிரீன், கொசு விரட்டி எல்லாம் அதன் ஈரத் தோலுக்கு எரிச்சல். உப்புப் பட்டால் உடம்பின் நீரெல்லாம் வெளியேறிச் செத்தே போகும்.

கழுவக் கழுவ ஏன் அதிகமாகிறது என்றால், அந்தச் சுரப்பு தோலை விட்டு வெளிவரும்போது நுண்ணிய உலர்ந்த மணிகளாக வருகிறது. தண்ணீர் பட்டதும் சப்ஜா விதை ஊறுவதுபோல ஊதி, தன் அளவைப்போல் நூறு மடங்கு வரை நீரை இழுத்துக்கொள்ளும். மகள் தண்ணீர் ஊற்ற ஊற்ற அதற்குத் தீனி போட்டிருக்கிறார்.

முதலில் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. உலர்ந்த காகிதத் துணியாலோ பழைய துணியாலோ அழுத்தித் துடைக்க வேண்டும். மிச்சத்தை இரண்டு உள்ளங்கையும் சேர்த்து, மருதாணி காய்ந்த பிறகு தேய்த்து உதிர்ப்பதைப் போலத் தேய்க்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் சுருண்டு சிறு உருண்டைகளாக உதிரும். பிறகும் பிசுபிசுத்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் ஒரு துடை துடைத்து, கடைசியாகத்தான் சோப்பும் தண்ணீரும். காட்டில் காகிதம் இல்லாவிட்டால் காய்ந்த மண் போதும். ரக்கூன் செய்வதும் அதுதானே.

துணியிலோ ஷூவிலோ பட்டிருந்தால் நன்றாகக் காயவிட்டு, பட்டை பட்டையாகச் சுரண்டி எடுத்த பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், கறை இறுகிவிடும்.

பாதை நடுவே மிதிபடும் இடத்தில் ஒரு ஸ்லக் கிடந்தால்? அகலமான ஓர் இலையையோ மரப்பட்டையையோ தலைக்கு முன்னால் வைத்தால் தானாக ஏறிவிடும். அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, ஈரமான ஓரத்தில் விட்டுவிடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது தவறு. வாலருகே சேரும் கொழகொழப்பை நூல்போல இழுத்துத் தொங்கிக்கொண்டே அது உயரத்திலிருந்து இறங்கும். உங்கள் கையிலும் அதே நூல் சுற்றிக்கொள்ளும்.

எங்கள் நாய் நடைப்பயிற்சியின்போது ஸ்லக்கைக் கவ்விவிட்டது. வாயில் நுரை தள்ளுகிறது. விஷமா?
– வாசகர், சான் ஹோசே

பெரும்பாலும் அது கொழகொழப்புச் செய்யும் வேலை. எச்சில் ஒழுகும், ஓங்கரிக்கும், முகத்தைத் தரையில் தேய்க்கும். ஈறு, நாக்கு, அண்ணம் மூன்றையும் முதலில் உலர்ந்த துணியால் வழித்து எடுத்துவிட்டுப் பிறகு தண்ணீர் கொடுங்கள். எச்சில் ஒழுகுவது நிற்காமல் இருந்தாலோ, சோர்ந்து படுத்துக்கொண்டாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு. வீட்டுத் தோட்டங்களில் நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைட் குருணையை நாய் தின்றிருந்தால் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்று சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகும். ஒரு நிமிடமும் காத்திருக்காமல், முடிந்தால் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். காட்டை ஒட்டிய வீடாக இருந்தால் மெட்டால்டிஹைட்டை வாங்கவே வாங்காதீர்கள். இரும்பு பாஸ்பேட் குருணை அவ்வளவு ஆபத்தில்லை. அதையும் தோட்டத்துப் பாத்திக்குள் மட்டும் போடுங்கள்; காட்டுப் பக்க வேலியோரம் போட்டால் சாவது காய்கறியைத் தின்னும் சின்னச் சாம்பல் ஸ்லக் அல்ல, மாநிலச் சின்னம்.

இதில் ஆண், பெண் எப்படி அடையாளம் காண்பது?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

வேண்டியதே இல்லை. ஒவ்வொரு ஸ்லக்கும் ஆணும் பெண்ணுமாக இருக்கிறது. இணையும்போது ஒன்றையொன்று சுற்றி வளைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும், இரண்டுமே கருவுறலாம். சில சமயம் பிரிவதற்கு முன் ஒன்று மற்றொன்றின் ஆண் உறுப்பை மென்று துண்டித்துவிடும். அது மீண்டும் வளராது. அதன்பின் அந்த ஸ்லக் பெண்ணாக மட்டுமே வாழும். எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். முட்டைகளைக் கண்ணாடி மணிபோல இலைக்குவியலிலோ மரத்தடியிலோ இட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும்.

எங்கள் மாடித் தோட்டத்தில் ராத்திரி வந்து கீரையை மொட்டையடிக்கும் கறுப்பு ஸ்லக்கும் இதுவும் ஒன்றா?
– வாசகி, சென்னை

தட்டையாக, தோல்செருப்புத் துண்டு போலக் கறுத்து, முதுகின் நடுவே வெளிர்கோடு இருந்தால் அது லேவிகாலிஸ் ஆல்ட்டே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பரவியது. பனானா ஸ்லக்கோடு தூரத்து உறவு மட்டும்தான். அங்கே அது காட்டின் துப்புரவாளர்; இங்கே இது பயிர்த் திருடன். எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது, வெறுங்கையால் தொடாதீர்கள். கீரையை ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

பிடிப்பதற்கு நனைத்த சாக்கைத் தொட்டிகளுக்கு நடுவே மாலையில் விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வையுங்கள். விடிவதற்குள் புரட்டிப் பார்த்தால் கூட்டமாக இருக்கும். கையுறையுடன் அள்ளிச் சோப்புக் கரைசலில் போடுங்கள். உப்பைத் தொட்டியில் தூவினால் ஸ்லக்கோடு செடியும் போகும். தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விட்டாலே பாதித் தொல்லை குறையும். இரவில் மேல்மண் காய்ந்திருந்தால் அதற்கு ஊரவே பிடிக்காது.

ஒன்றைப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா?
– மாணவர், சேலம்

கூடாது. மாநிலப் பூங்காவில் எந்த உயிரையும் எடுப்பது குற்றம். அமெரிக்காவுக்குள்ளேயே மாநிலம் விட்டு மாநிலம் நத்தை, ஸ்லக் கொண்டுபோக வேளாண் துறையின் அனுமதி வேண்டும். சேலத்து மே மாதத்தை அது தாங்கவும் தாங்காது.

பேரன் அங்கே சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரு ஸ்லக் பொம்மை தைத்து அனுப்ப ஆசை. அளவு சொல்ல முடியுமா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

தாராளமாக. 40 செ.மீ. நீளப் பொம்மைக்கு மஞ்சள் ஃபிளீஸ் துணி அரை மீட்டர், அடிப்பாகத்துக்கு வெளிர் மஞ்சள் துணி கால் மீட்டர், ஃபைபர் பஞ்சு 200 கிராம், கறுப்பு எம்ப்ராய்டரி நூல் கொஞ்சம். ஃபிளீஸ் இழுபடும் துணி. அகலவாக்கில் இழுபடும்படி வைத்து வெட்டுங்கள். நீளவாக்கில் இழுபட்டால் பஞ்சு அடைத்ததும் ஸ்லக் பாம்பாகிவிடும். மிஷினில் பனியன் துணிக்கான ஊசி, தையல் நீளம் 3 மி.மீ.

பக்கத் துண்டு இரண்டு: 44 செ.மீ. நீளம், நடுவில் 13 செ.மீ. உயரம், தலைப்பக்கம் மழுங்கி, வால்பக்கம் கூராக. அடித்துண்டு ஒன்று: அதே நீளம், நடுவில் 9 செ.மீ. அகலம். எல்லா ஓரத்திலும் 1 செ.மீ. தையலுக்கு. முதுகை முதலில் இணைத்து, பிறகு அடித்துண்டைச் சேர்த்து, அடியில் 8 செ.மீ. திறப்பு விட்டுத் திருப்புங்கள். திறப்பின் இரு முனையிலும் தையலை முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பஞ்சு திணிக்கும்போது அங்கேதான் கிழியும்.

பலர் பஞ்சை முட்ட முட்ட அடைத்து ஸ்லக்கைக் கத்தரிக்காய் ஆக்கிவிடுகிறார்கள். தலையும் வாலும் கெட்டியாக, நடு உடல் அழுத்தினால் அமுங்கும்படி இருக்கட்டும். அடி தட்டையாக நிற்க, உட்புறம் ஒரு பட்டை தடித்த கம்பளித் துணியை முன்பே தைத்துவிடலாம்.

அடுத்தது தோள்போர்வை. தலைக்குப் பின்னால் கவசம்போல மூடியிருக்கும் அந்தச் சதைமடிப்பு இல்லாவிட்டால் அது ஸ்லக்கே இல்லை, வெறும் புழு. 15 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகல முட்டை வடிவத் துண்டு இரண்டை இணைத்துத் திருப்பி, மூக்கிலிருந்து 6 செ.மீ. தள்ளி வைத்துப் பின்பாதியை மட்டும் உடலோடு தையுங்கள். முன்பாதி திறந்திருக்கட்டும், ஸ்லக் பயந்தால் தலையை அதற்குள்தான் இழுத்துக்கொள்ளும். போர்வையின் வலது ஓரத்தில் ஒன்றரை செ.மீ. வட்டத்துக்குக் காஜா தையல் போட்டால் மூச்சுத்துளை. வலது என்பது ஸ்லக்கின் வலது. பொம்மையை உங்களைப் பார்க்க வைத்துத் தைத்தால் இடதில் போய்விடும், கவனம்.

கொம்பு நான்கு. கடைகளில் விற்கும் பொம்மைகளிலேயே சிலதில் இரண்டுதான் இருக்கும். மேல் இரண்டும் 5 செ.மீ., நுனியில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டுக் கண். கீழே வாயருகே 2 செ.மீ.க்கு இரண்டு, அவை மோந்து பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும். துணியைக் குழலாகத் தைத்துத் திருப்பச் சிரமமாக இருந்தால் இறுக்கிச் சுருட்டிக் கைத்தையல் போடுங்கள். நிமிர்ந்து நிற்கக் கம்பி வைக்கும் ஆசை வரும். பேரனின் அறையில் குழந்தைகள் யாராவது எடுத்து விளையாடலாம் என்றால் வேண்டாம்.

போர்வை முடியும் இடத்திலிருந்து வால் வரை முதுகு நடுவை அரை செ.மீ. கிள்ளிப் பிடித்து ஓட்டுத்தையல் போட்டால் முதுகுவரம்பு எழும். விருப்பப்பட்டால் கண்ணாடி மாட்டி, கையில் ஒரு புத்தகமும் கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தின் பிரபலமான படத்தில் ஸ்லக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிளேட்டோவைப் படிக்கும். பேரனுக்குத் தருவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பத்து தைத்து விற்கலாம் என்று தோன்றினால் அந்தப் படத்தையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போடாதீர்கள், அவற்றுக்கு வணிகக்குறி அனுமதி வாங்க வேண்டும். வெறும் மஞ்சள் ஸ்லக்குக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.